கட்டிய மாளிகையும் கட்டிய கடனும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் முன்னைய இரண்டற்கும் இயற்கையே ஓரெல்லை வகுத்துள்ளது. வயிறு நிறைந்தவன் இலையை மடித்துவிட்டு எழுகின்றான். எத்துணைப் பெருஞ்செல்வனாயினும் ஒரே பொழுதில் பத்தாடை உடுத்தல் இயலாது. உறையுளுக்கு மட்டும் அத்தகைய எல்லை இல்லை. சுவர் எழுந்து கூரை முடிந்தபின் தூணுக்கு வேலைப்பாடு வேண்டும். தூண் அழகுற்றபின் தரை குறையுடையதாய்த் தோன்றும். தரை பளபளத்தபின் பழைய நாற்காலியை அங்கே இடுதற்கு மனம் கூசும். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று நம் முன்னோர் எச்சரித்தது கட்டுதலின் அருமையை நோக்கி மட்டுமன்று. கட்டிய வீட்டை அழகு செய்யப் புகுந்தவன் எங்கே நிற்பான் என்பது அவனுக்கே தெரியாது என்பதனையும் நோக்கியேயாம் என்று கருதுகின்றோம்.

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் பல இந்நாளில் சொந்த மனை வாங்கி வீடு கட்டி வருகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், திட்டமிட்ட பணம் கட்டடத்தோடு முடிந்துபோக, புதுமனை புகுவிழாவிற்குக் குறித்த நாள் நெருங்க நெருங்க, தச்சரும் கொத்தரும் கடைக்காரரும் உறவினரும் எடுத்துக் கூறும் ஒவ்வோர் அழகிற்கும் தவணைக் கடன் வாங்கி, பின்னர்ப் பிள்ளைகளின் கல்விக்கென வைத்த பொருளை எடுத்து அத்தவணையைச் செலுத்தும் நிலை சில இல்லங்களில் நேர்ந்துள்ளமையையும் அன்பர்கள் அறிவர். இதுபற்றி அறவுரை கூறுதல் எளிது. கேட்டு நடத்தல் அரிது. ஆதலின் அறவுரையை ஒருபால் வைத்து, உண்மையாய் நிகழ்ந்த வரலாறொன்றை ஈண்டு எடுத்துரைக்க முற்பட்டோம்.

அவ்வரலாறு ஸ்காட்லாந்து நாட்டில் வாழ்ந்த கவிஞரும் நாவலாசிரியருமாகிய சர் வால்டர் ஸ்காட் என்பாருடையது. அயல்நாட்டார் கதை நமக்கு எற்றுக்கு என வினவலாம். வீட்டழகின் பொருட்டுப் பொருளிழந்தோர் எந்நாட்டிலும் உளர். ஆயின், தாம் இன்ன நாளில் இன்னது வாங்கக் கருதினோம், இன்னவாறு பணம் திரட்டினோம், இன்ன நாளில் இனி வாங்கோம் என உறுதி பூண்டோம் என்பனவற்றைக் கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் எழுதிவைத்துச் சென்றவர் மிகச் சிலரே. ஸ்காட் அங்ஙனம் எழுதிவைத்தார். அவர் மருகர் லாக்ஹார்ட் என்பார் 1837, 1838ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறும் உண்டு. ஒருவர் வரவையும் செலவையும் ஆசையையும் இவ்வளவு அணுக்கமாய் நோக்குதற்கு வேறிடம் கிடைத்தல் அரிது.

ஸ்காட் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் உற்ற நோயினால் வலக்கால் ஊனமுற்றது. சட்டம் பயின்ற அவர் 1799இல் செல்கர்க் மாவட்டத்தின் ஷெரிப் என்னும் நீதிப் பதவியை அடைந்தார். 1806இல் எடின்பரோ உயர் நீதிமன்றத்துத் தலைமை எழுத்தர்களுள் ஒருவரானார். முன்னதற்கு ஆண்டொன்றுக்கு 300 பவுனும், பின்னதற்கு 1812 முதல் 1,300 பவுனும் ஊதியமாகக் கிடைத்தன. ஆகவே எழுத்தினின்று ஒரு காசும் வாராவிடினும் ஆண்டுதோறும் 1,600 பவுன் தவறாது வரும் நிலை அவருக்கு இருந்தது. அக்காலத்தில் ஒரு குடும்பம் மதிப்போடு வாழ்தற்கு அது தாராளமாய்ப் போதும். இதனை நாம் மறத்தலாகாது. வறுமையினால் கடன்பட்ட ஒருவரின் கதையன்று இது. போதிய வருவாய் உடையவர் ஒருவரின் கதை.

1811இல் ஸ்காட், துவீடு ஆற்றங்கரையில் மெல்ரோஸ் என்னும் ஊருக்கு அணித்தாய் ஏறத்தாழ 110 ஏக்கர் நிலத்தை 4,000 பவுனுக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு வாங்கினார். நிலம் வளமற்றது. அதிலிருந்த உழவர் வீடு சிறியது. அவ்வூரார் அவ்விடத்தைச் ‘சேற்றுக்குழி’ எனப் பொருள்படும் பெயரால் எள்ளி வழங்கினர். பண்டைக் காலத்தில் மெல்ரோஸ் மடத்துத் துறவிகள் ஆற்றைக் கடந்த துறை அது என்பது பற்றி ஸ்காட் அதற்கு ‘ஆபட்ஸ்போர்டு’, அதாவது மடத்தலைவர் துறை, எனப் பெயரிட்டார்.

அப்பொழுது அவர் கட்டக் கருதியது ஒரு சிறு குடில்தான். விருந்தினர்க்கு இரண்டு படுக்கையறை மட்டும் போதும் என நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். இக்கருத்து எத்துணை நன்று! அதில் அவர் நின்றிருப்பாராயின் இக்கட்டுரைக்கு இடமே இல்லை. ஆனால் அத்தொடக்கத்திலேயே பின்வந்த தீங்கனைத்திற்கும் வித்து ஊன்றப்பட்டது. நிலத்தின் விலையுள் ஒரு பாதியைத் தம் தமையனாரிடம் கடனாகப் பெற்றார். மறுபாதியைப் பாலன்டைன் என்னும் அச்சுத்தொழிலார் திரட்டித் தந்தனர். அதற்கு ஈடாக அவர் காட்டியது யாது? ‘ரோக்பி’ என்னும் காவியம். அக்காவியம் வெளிவந்தது 1813இல். நிலம் வாங்கியபோது அஃது எழுதப்பட்டிலது. எழுதாத ஏட்டை ஈடு காட்டி வாங்கிய மண்ணின்மேல் அவர் மாளிகை எழுந்தது.

1812ஆம் ஆண்டு மே மாதம் குடும்பம் ஆங்குக் குடியேறியது. 1814இல் ‘வேவர்லி’ என்னும் நாவலை ஸ்காட் தம் பெயரை வெளியிடாமல் பதிப்பித்தார். அது பெருவெற்றி பெற்றது. அதன்பின் ஆண்டுக்கொன்றும் இரண்டுமாக நாவல்கள் வெளிவந்தன. பொருள் வெள்ளம்போற் பெருகியது. பொருள் பெருகப் பெருக நிலத்தின் மேலுள்ள வேட்கையும் பெருகியது. அண்டை நிலத்தார் அவர் வேட்கையை உணர்ந்து விலையை உயர்த்தினர், அவரும் கொடுத்தார். 1817இல் டாப்ட்பீல்டு என்னும் ஒரு பண்ணைக்கு மட்டும் 10,000 பவுன் கொடுத்தார். 110 ஏக்கர் காலப்போக்கில் 1,400 ஏக்கர் அளவாயிற்று.

நிலம் விரிந்தபின் சிறு குடில் அதற்குப் பொருந்துமா? 1817 முதல் 1819 வரை வீட்டின் ஒரு பகுதி புதிதாய் எழுந்தது. அப்புதுப் பகுதியின் அருகில் பழைய உழவர் வீடு அழகற்றதாய்த் தோன்றியது. 1822இல் அதனை இடித்தனர். 1824இல் கோபுரங்களும் கொத்தளங்களும் உடைய கோட்டை போன்றதொரு மாளிகை முற்றுப்பெற்றது. முன்கூடத்துச் சுவருக்கு டன்பர்ம்லின் நகரத்துப் பழைய கோயிலினின்று கொணர்ந்த செதுக்குமரப் பலகைகள். மேற்கூரைகளுக்கு மெல்ரோஸ் மடத்திலும் ராஸ்லின் கோயிலிலும் உள்ள சிற்பங்களைப் பார்த்து வார்த்த சுதை வேலை. எடின்பரோவில் 1817இல் இடிக்கப்பெற்ற பழஞ்சிறைச்சாலையின் கதவு. பண்டை வீரர் அணிந்த இரும்புக் கவசங்கள், வாள்கள், துப்பாக்கிகள். 9,000 அளவிலான நூல்கள் நிறைந்த நூலகம். 1823இல் வாயு விளக்கும் அமைத்தார். அந்நாட்டில் தனி இல்லமொன்றில் அவ்விளக்கு அமைந்தது அக்காலத்துப் பெரும்புதுமை. விருந்தறையின் சுவர்களில் ஒட்டிய சீனத்து ஓவியத்தாள் கிழக்கிந்தியக் கும்பினியின் தொடர்புடைய உறவினர் ஒருவர் அளித்தது. ஆனால் அத்தாளுக்கு ஏற்ற அறையைக் கட்டியது ஸ்காட்டின் பொருள்.

இவற்றுள் எதனையும் தனியே நோக்கின் குற்றம் கூறுதற்கில்லை. பழமையைப் போற்றியவர் அவர். அழியும் பொருள்களைக் காத்தார். கொத்தரும் தச்சரும் உழவரும் அவரால் பிழைத்தனர். விருந்தினரை முகமலர்ந்து ஏற்றார். நல்ல நோக்கத்தினால் செய்யும் செலவே பெரிதும் அஞ்சத்தக்கது என்பதனை ஈண்டு உணர்தல் வேண்டும். என்னை? தீய வழியிற் செலவிடுவோனை அவன் மனச்சான்று இடித்துரைக்கும். நல்ல வழியிற் செலவிடுவோனை அதுவே தட்டிக்கொடுக்கும்.

ஒரு பொருள் மற்றொரு பொருளை அழைத்து வருதல் என்னும் இவ்வியல்பை ஸ்காட்டுக்கு முற்பட்ட தலைமுறையில் பிரெஞ்சு அறிஞர் தீதரோ தம் இல்லத்திலேயே கண்டு 1769இல் ஒரு கட்டுரை வரைந்துள்ளார். அவர் இல்லத்தில் அணியும் பழைய அங்கியை நீக்கிச் சிவந்த புதிய அங்கியொன்றை அணியலானார். அதன் பொலிவுக்கு முன் வைக்கோல் நாற்காலி ஒவ்வாததாய்த் தோன்றவே தோல் தைத்த நாற்காலி வந்தது; பின்னர்ப் பழைய மேசை போய்ப் புதியது வந்தது; சுவரிலிருந்த எளிய படங்களும் இடம்பெயர்ந்தன. முன்பு அவ்வறையில் எல்லாப் பொருளும் எளியவாயினும் ஒன்றோடொன்று ஒத்திருந்தன. ஓரங்கி அவ்வொற்றுமையைக் குலைத்துவிட்டது. தீதரோவுக்கு அங்கி செய்ததனை ஸ்காட்டுக்கு நிலம் செய்தது. நம் இல்லங்களிலும் இதனைக் காணலாம். புதிய வாயிற்கதவு பழைய சன்னலைப் பழிக்கின்றது. புதிய சன்னல் பழைய திரையைப் பழிக்கின்றது. ‘இவ்வளவு செய்தாயிற்று, இதையும் செய்துவிடுவோம்’ என்னும் சொல் எழுந்த வீட்டில் கணக்கு நின்றுவிட்டது என்று அறிக.

நிற்க. இத்துணைச் செலவுக்கும் பணம் வந்த வழியைச் சற்றே விரித்துரைப்போம். அஃதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

ஸ்காட் 1805 முதலே பாலன்டைன் அச்சகத்தில் மறைவான பங்காளியாக இருந்தார். நீதிமன்ற அலுவலர் வாணிகத்தில் ஈடுபடுதல் மதிப்பன்று என்பது பற்றி உலகிற்கு அதனை வெளிப்படுத்தவில்லை. நாவல்களைப் பதிப்பித்தவர் கான்ஸ்டபிள் என்பார். இவர்கள் ஸ்காட்டுக்குக் கொடுத்தது பெரும்பாலும் ரொக்கமன்று, உண்டியலே. இத்தனை மாதங்கழித்து இன்ன தொகை தருவோம் என்று எழுதிய தாளை வங்கியிற் கொடுத்து, வட்டம் போகப் பணம் பெற்றனர். தவணை முடிந்தவுடன் புதிய உண்டியல் எழுதிப் பழையதனை அடைத்தனர். பதிப்பாளர் உண்டியலுக்கு அச்சகம் பிணை. அச்சகத்து உண்டியலுக்குப் பதிப்பாளர் பிணை. அச்சகம் என்றால் அதனுள் ஸ்காட். வாணிகக் குடும்பத்தில் பிறந்தோர்க்கு இதன் இடர் இனிது விளங்கும். காற்று நன்றாய் வீசும்வரை இம்மரக்கலம் ஓடும். ஒரு பாய் கிழிந்தால் அனைத்தும் ஆழும்.

எழுத்துக்கு முன்பணம் வாங்கும் வழக்கமோ நாளடைவில் வரம்பு கடந்தது. 1822இல் ஒரு நாவல் அச்சகத்தினின்று வெளிவருமுன்பே, இனி எழுதப்போகும் நான்கு நாவல்களுக்கு ஒப்பந்தம் எழுதி உண்டியல் பெற்றுவிட்டார் என்று லாக்ஹார்ட் குறிக்கின்றார். அந்நான்கிற்கும் அப்போது பெயரும் இல்லை, கதையும் இல்லை. ‘குவென்டின் டர்வர்டு’ முதலிய அந்நான்கையும் இரண்டாண்டிற்குள் எழுதிக் கொடுத்தும் விட்டார். ஆனால் அவற்றின் விலை அதற்குள் கல்லும் மரமுமாய் மாறி மாளிகையில் நின்றது. உழவன் ஒருவன் விதையாத வயலின் விளைவை விற்றுக் களத்துமேட்டில் மண்டபம் கட்டினான் என்றால் நாம் நகைப்போம். பேரறிவாளர் ஒருவர் செய்தது அதுவே. நாளை வருவது உறுதி என்று அவர் நம்பினார். தம் கையின் ஆற்றலை அவர் அறிவார். கையின் ஆற்றலை அறிந்தவர், உடலின் நலிவையும் நாட்டின் வாணிக நிலையையும் எண்ணாது விட்டார்.

1820இல் ‘பேரனட்டு’ என்னும் வழிவழிப் பட்டம் கிடைத்தது. பட்டம் வந்தபின் அதற்கேற்ற வாழ்வும் வேண்டுமன்றோ? விருந்தினர் கூட்டம் ஓயவில்லை. 1825 தொடக்கத்தில் மூத்த மகனுக்குத் திருமணம் நிகழ்ந்தது. அத்திருமணத்தை முன்னிட்டு ஆபட்ஸ்போர்டு முழுவதையும் அம்மகனுக்கே உரிமையாகுமாறு எழுதிவைத்தார். தம் வாழ்நாளில் அதன்மேல் 10,000 பவுன் வரை கடன் பெறும் உரிமையை மட்டும் நிறுத்திக்கொண்டார். தம் குலம் அம்மாளிகையில் வழிவழி நின்று விளங்கும் என்பது அவர் எண்ணம்.

இனி நாம் பெரிதும் கருதத்தக்க நாள் வருகின்றது. 1825ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஸ்காட் நாட்குறிப்பெழுதத் தொடங்கினார். அதே மாதம் 25ஆம் நாள் குறிப்பில் சிக்கனம் பற்றிய உறுதிகளை எழுதி வைத்தார். கட்டட வேலை இனி இல்லை என்பது ஒன்று. காலம் முற்றும் சீர்ப்படும்வரை நிலம் வாங்குவதில்லை என்பது ஒன்று. நூல்களையும் விலையுயர்ந்த சிறு பொருள்களையும் மிகுதியாய் வாங்குவதில்லை என்பது ஒன்று. அவ்வாண்டின் உழைப்பில் வருவதனைக் கொண்டு கடன்களைத் தீர்ப்பது என்பது மற்றொன்று. மாளிகை தம் நிலத்தின் வருவாய்க்கு மிகப் பெரிதாகிவிட்டது என்பதனையும் அவரே அக்குறிப்பில் ஒப்புக்கொள்கின்றார்.

அன்பர்களே, இந்நான்கு உறுதிகளினும் சிறந்த உறுதிகளை எவர் கூறவல்லார்? வீடு கட்டப் புகும் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கன அவை. ஆயின் அவை எழுதப்பட்ட நாளைக் காண்மின். நிலம் வாங்கிப் பதினான்கு ஆண்டு கழிந்தபின். மாளிகை முடிந்து ஓராண்டு கடந்தபின். பசி தீர்ந்தபின் விரதம் பூண்டது போலாயிற்று அவ்வுறுதி.

அக்காலத்தில் இலண்டன் மாநகரில் பணமுடை தோன்றி வங்கிகள் பல வீழ்ந்தன. கான்ஸ்டபிளுக்கு இலண்டனில் முகவராயிருந்த ஹர்ஸ்ட் ராபின்சன் கும்பினி தள்ளாடியது. அதனைத் தாங்கும்பொருட்டு ஸ்காட் 1825 டிசம்பரில் தாம் நிறுத்திவைத்த உரிமையைப் பயன்படுத்தி மாளிகையின்மேல் 10,000 பவுன் கடன் வாங்கிக் கொடுத்தார். அதுவும் சுழலில் மறைந்தது. 1826ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் காலை ஜேம்ஸ் பாலன்டைன் இருண்ட முகத்தோடு வந்து இனி நம்பிக்கையில்லை என்று தெரிவித்தார். இலண்டன் கும்பினி, கான்ஸ்டபிள், பாலன்டைன் ஆகிய மூன்றும் ஒன்றன்மேலொன்றாய்ச் சரிந்தன. ஸ்காட்டின் தலையில் வீழ்ந்த கடன் ஏறத்தாழ 1,20,000 பவுன்.

இவ்வீழ்ச்சிக்கு மாளிகையே முழுக்காரணம் என்று கூறின் வரலாற்றுக்குப் பிழை செய்தவராவோம். உண்டியல் வாணிகமும், பிறர் பொருட்டு நின்ற பிணையும், நாடெங்கும் பரவிய பணமுடையும் பெருங்காரணங்கள். ஆயின் ஒன்று உறுதி. அவர் ஈட்டிய பெரும்பொருள் கல்லிலும் மண்ணிலும் கவசத்திலும் முடங்காது கையிருப்பாய் இருந்திருப்பின் அப்புயலைத் தாங்கியிருப்பார். புயல் எல்லார் வீட்டின்மேலும் வீசும். வீட்டின் அழகு அதனைத் தடுப்பதில்லை.

திவால் என்று அறிவித்து விலகுதற்குச் சட்டம் இடந்தந்தது. ஸ்காட் அதனை ஏற்றிலர். நண்பர்கள் உதவ முன்வந்ததனையும் மறுத்து, தம் எழுதுகோலால் ஈட்டியே எல்லாக் கடனையும் தீர்ப்பதாக உறுதி கூறினார். கடன்காரர்கள் சார்பில் பொறுப்பாளர்கள் அமைக்கப்பட்டனர். எடின்பரோவில் ஏறத்தாழ இருபத்தைந்தாண்டு வாழ்ந்த வீட்டை விற்றனர். மாளிகை மகன் பெயரில் இருந்தமையால் ஸ்காட் அதில் வாழ முடிந்தது. அதனுள் இருந்த நூல்களும் பொருள்களுமோ கடன்காரர்க்கு உரியவாயின. அவ்வாண்டு மே மாதம் மனைவியார் இறந்தார். ஐம்பத்தைந்தாம் வயதை எட்டிக்கொண்டிருந்த ஸ்காட் தனியே மேசைமுன் அமர்ந்தார்.

அதன்பின் அவர் எழுதியதனை நினைக்குங்கால் மெய் சிலிர்க்கின்றது. ஒன்பது தொகுதிகளில் நெப்போலியன் வரலாற்றை 1827இல் முடித்தார். அது மட்டும் 18,000 பவுன் ஈட்டித் தந்தது. வீழ்ச்சியினின்று இரண்டாண்டிற்குள் ஏறத்தாழ 40,000 பவுனைக் கடன்காரர்க்கெனத் திரட்டினார். 1829 முதல் தம் நாவல்களுக்குப் புதிய முகவுரையும் குறிப்பும் எழுதி 48 தொகுதிகளாய் வெளியிடச் செய்தார். 1830 டிசம்பரில் கடன்காரர்கள் அவர் நேர்மையைப் போற்றி மாளிகையிலிருந்த நூல்களையும் தட்டுமுட்டுகளையும் அவருக்கே நன்கொடையாய்த் திருப்பி அளித்தனர். ஒருகாலத்தில் ஆசையோடு வாங்கிச் சேர்த்த பொருள்களைப் பின்னொருகால் பிறர் கொடையாய்ப் பெற்றார் என்னும் இதனினும் உருக்கமான நிகழ்ச்சி அவர் எழுதிய நாவல்களிலும் இல்லை.

இதற்கு அவர் உடல் கொடுத்த விலை யாது? 1830 பிப்ரவரியில் வாதநோய் தாக்கியது. அடுத்த ஆண்டும் தாக்கியது. ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் கூறியும் எழுதுவதை நிறுத்தவில்லை. இறுதியில் எழுதிய நாவல்களில் பழைய ஆற்றல் இல்லை என்பதனை அவரை விரும்பிக் கற்றோரும் மறுப்பதில்லை. 1831 அக்டோபரில் அரசாங்கம் ஈந்த கப்பலில் மால்டா, நேபிள்ஸ் முதலிய இடங்கட்குச் சென்று, நலம் பெறாமலே திரும்பி, 1832 செப்டம்பர் 21ஆம் நாள் ஆபட்ஸ்போர்டில் உயிர்நீத்தார். எஞ்சிய கடன் காப்புறுதிப் பணத்தாலும் நூலுரிமைகளாலும் சிறிது சிறிதாய் அடைந்து, 1847இல்தான் முற்றும் தீர்ந்தது. கான்ஸ்டபிளின் கடன்காரர் பவுனுக்கு மூன்று ஷில்லிங்கும் பெற்றிலர். ஸ்காட்டின் கடன்காரர் இருபது ஷில்லிங்கும் பெற்றனர்.

அதே 1847இல், மாளிகைக்கு உரியவராகிய மகன், இந்தியாவில் படைத்தலைவராய்ப் பணியாற்றித் தாய்நாடு திரும்புகையில், நன்னம்பிக்கை முனையருகே கப்பலிலேயே இறந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. இளைய மகனும் மகளிர் இருவரும் அவருக்கு முன்னரே இறந்திருந்தனர். வழிவழி நிற்கும் என்று தந்தை எண்ணிய பட்டம் அவரோடு முடிந்தது. மாளிகை மகள்வழிப் பேரர்க்குச் சென்றது. அவ்வழியினர் 2004 வரை அதில் வாழ்ந்தனர். இன்று ஓர் அறநிலையம் அதனைக் காத்து வருகின்றது. 1833 முதலே பொதுமக்கள் சென்று காணும் இடமாகவும் உள்ளது.

இவ்வரலாற்றைக் கேட்போருள் சிலர், ‘கடன் இல்லையேல் இத்துணை நூல்களை அவர் எழுதியிரார், மாளிகையும் எஞ்சியிராது, ஆதலின் நன்மையே விளைந்தது’ என்பர். உலகிற்கு நன்மை விளைந்தது உண்மைதான். அவர் இல்லத்திற்கு விளைந்தது யாது? ஊரார் கண்டு களிக்கும் மண்டபத்தின் விலையை ஒருவர் தம் முதுமையின் ஓய்வால் கொடுத்தார். மேலும், ஸ்காட்டின் கையில் பவுனாக்கத்தக்க எழுதுகோல் ஒன்றிருந்தது. மாத ஊதியம் பெறும் நம்மனோர்க்கு அது யாண்டுளது?

வேறு சிலர், வீட்டலங்காரச் செலவுக்குப் பெண்டிரின் ஆசையே காரணம் என்று எளிதாய்ப் பழிசுமத்துவர். இவ்வரலாறு அதனை மறுக்கின்றது. நிலத்தையும் கோபுரத்தையும் கவசத்தையும் விரும்பியவர் குடும்பத் தலைவரே. உண்டியலிற் கையெழுத்திட்டவரும் அவரே. நம் இல்லங்களிலும் கடைக்குச் சென்று வளையலை விலை பேசும் மனைவியைக் கடிந்துவிட்டு, முகப்பிற்குப் பன்மடங்கு செலவிடும் ஆடவர் இல்லையா என்பதனை அவரவர் எண்ணிப் பார்த்தல் தகும்.

திருக்குறளில் பொருளீட்டுதல் பற்றிப் பொருள்செயல்வகை என்று தனியே ஓரதிகாரம் உண்டு. ஆயினும் கொடைக்கும் செலவுக்கும் அளவு கூற வந்த வள்ளுவனார் அதனை ஆங்கு வைத்திலர். பகைமேற் செல்வோன் தன் வலியும் மாற்றான் வலியும் தூக்கியறிதலைக் கூறும் வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தின் இறுதி நான்கு குறட்பாக்களில் வைத்தார். இவ்வைப்புமுறையின் நுட்பம் வியக்கத்தக்கது. தன் பொருளின் எல்லையை அறியாமை வெறும் கணக்குப் பிழையன்று. தன் வலியை அறியாமல் போர்க்களம் புகுதலோடு ஒப்பது என்பது அதனால் பெறப்படும்.

இனி இவ்வரலாற்றினின்று நாம் கைக்கொள்ளத்தக்கனவற்றைச் சுருங்கக் கூறுவோம். ஸ்காட்டின் நான்கு உறுதிகளும் நல்லன. அவற்றை அவர் எழுதிய காலமே பிந்தியது. ஆகவே அடிக்கல் நாட்டும் முன்னரே கட்டடத்திற்கு ஒரு தொகையும் அலங்காரத்திற்கு ஒரு தொகையும் தனித்தனியே எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்திட்டு வைத்தல் வேண்டும். மறைவான கணக்கே ஸ்காட்டை ஆழ்த்தியது. இருவர் அறிந்த கணக்கு எளிதில் வழுவாது. நாளை வரும் ஊதிய உயர்வையும், முதிராத சீட்டையும், மகன் அனுப்பப்போகும் பணத்தையும் இன்றைய கையிருப்பாகக் கொள்ளலாகாது; அவை எழுதாத காவியம் போல்வன. கடையில் ஒரு பொருள் கண்ணைக் கவர்ந்தால் அன்றே வாங்காது, வீடு திரும்பி, அதனை வைக்கும் இடத்தையும், அது வந்தபின் அருகிலுள்ள எப்பொருள் பழையதாய்த் தோன்றும் என்பதனையும் எண்ணி, ஒரு திங்கள் கழித்தும் வேண்டுமெனத் தோன்றினால் வாங்குக. முன்பணம் இன்றியே பொருளை வீட்டிற்கு அனுப்பும் கடைக்காரர் நமக்கு ஈவது பொருளன்று, தவணை என்பதனை நினைவிற் கொள்க. புதுமனை புகும் நாளில் வீடு முற்றுப்பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி எச்சாத்திரத்திலும் இல்லை. விளக்கேற்ற ஓரிடமும், பால் காய்ச்ச ஓரடுப்பும், வந்தோரை அமர்த்த ஒரு பாயும் போதும். ஏனைய அழகுகள் ஆண்டுக்கொன்றாய் வருமாயின் ஒவ்வொன்றும் ஒரு விழாவாய் இருக்கும்.

ஸ்காட் கடனைத் தீர்த்த பெருந்தகைமையை நம் பிள்ளைகளுக்குக் கதையாய்ச் சொல்லுக. வாங்கிய கடனைத் தவறாது செலுத்துதல் நற்குடிப் பிறந்தார் இயல்பு என்பது அவர்கள் நெஞ்சிற் பதியட்டும். அதனோடு, இரண்டு விருந்தறை உடைய சிறு குடில் போதும் என்று அவர் முதலில் எழுதிய கடிதத்தையும் சேர்த்துச் சொல்லுக. அக்குடிலைக் கட்டி அதில் நின்றிருப்பாராயின், துவீடு ஆற்றின் ஒலியைக் கேட்டுக்கொண்டு தம் முதுமையைப் பேரக்குழந்தைகளோடு அமைதியாய்க் கழித்திருப்பார். அளவறிந்து கட்டிய வீடு சிறிதாயினும் அதில் உறக்கம் வரும். நம் குடும்பங்கள் எழுப்பும் இல்லங்கள் அத்தகைய உறக்கம் உடையனவாய் விளங்குக.